ஆறு செக்கன் குறைவு

எங்கள் ஊரில் இணைய லைன் இழுத்துக் கொடுக்கிற அவரிடம் போய், "லைன் கெதியா வருமா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கெதி, மெது என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "என்னத்த இறக்கப் போறீங்க? அது எவ்வளவு பெரிசு?" என்று திருப்பிக் கேட்பார். இருநூறு மெகாபைட் என்று சொன்னால் முகட்டைப் பார்ப்பார். உதடு மூன்று தரம் அசையும். பிறகு, "உங்கட லைனுக்கு ரெண்டு நிமிசம் நாப்பது செக்கன்" என்பார். சொல்லிவிட்டு, அந்த நாற்பது செக்கனுக்கும் பொறுப்பாளி தான்தான் என்பதுபோல நிற்பார்.

உதடு மூன்று தரம் அசைவதற்குக் காரணம் இருந்தது. கம்பனிக்காரர்கள் இணையத்தின் வேகத்தை மெகாபிட்டில் சொல்லி விற்பார்கள். நாம் படமோ பாடமோ இறக்கும்போது கம்பியூட்டர் காட்டுவது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே விற்ற எண்ணை எட்டால் வகுத்தால்தான் கைக்கு வரும் எண் கிடைக்கும். அவர் நேராக எட்டால் வகுக்க மாட்டார். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று மூன்று தரம் பாதியாக்குவார். அப்படிச் செய்தால் கணக்குப் பிழைக்காது என்பது அவர் நம்பிக்கை.

புதிதாக லைன் இழுத்துக் கொடுக்கும் வீட்டில் இதற்கென்றே ஒரு சடங்கு வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விரிப்பார். "இந்த முழுத்தாளும் கம்பனி சொல்றது" என்பார். பிறகு அதை மூன்று தரம் மடிப்பார். "இந்தத் துண்டுதான் உங்கட கையில வாறது. நாளைக்குக் குறையுது எண்டு நெஞ்சு நோகப்படாது, என்ன?" வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டிய தலையில் ஒன்றும் ஏறியிருக்காது. ஊரில் அவருக்கு 'எட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. "எட்டு வந்தாரா?", "எட்டுக்குக் கோல் எடு" என்றுதான் கதைப்பார்கள். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த நானும் இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் கதைத்தால் கூசுகிற மனிதர் அவர்.

ஆள் மெலிவு. அக்கரைப்பற்றில் பிறந்து மருதமுனையில் பெண் எடுத்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார் என்பதால், இருபது வருடம் எங்கள் ஊரில் இருந்தும் அவர் 'வந்த மாப்பிள்ளை'தான். எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. வழக்கு வம்பு என்று வந்தால் அந்தந்தக் குடிக்காரனுக்காக அவர் எழுந்து நாலு வார்த்தை கதைப்பார். இவருடைய குடியும் மரைக்காரும் அக்கரைப்பற்றில் இருந்தார்கள்.

பெரிய பக்கேஜ் கேட்டு வருகிறவர்களை அவர் கீழே இறக்கி அனுப்புவது ஊரில் பிரசித்தம். வியாபாரத்துக்கு உதவாத குணம். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் ராத்தா என்று கூப்பிடும் ஒரு பெண் இருந்தார். மகன் கட்டாரில். தினமும் பின்னேரம் வீடியோவில் மகனைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ராத்தா போய் நூறு மெகாபிட் வேணும் என்று நின்றிருக்கிறார்.

"என்னத்துக்கு ராத்தா நூறு?"

"மகன்ட முகம் தெளிவாத் தெரியணும்."

"ஒரு முகம் வாறதுக்கு ரெண்டு மெகாபிட் காணும். நூறு எடுத்தாலும் மகன் அதே ரெண்டுலதான் வருவார். அங்கால அவங்கட ரூமுல பத்துப் பேர் ஒரு லைன்ல தொங்குறாங்க."

"அப்ப நூறு எடுத்தா மகன் கிட்ட வர மாட்டானா?"

"இல்ல ராத்தா. அதுக்கு டிக்கட்தான் எடுக்கணும்."

ராத்தா அழுதுகொண்டே சிரித்ததாக உம்மா சொன்னார். கடைசியில் ராத்தாவுக்கு நாலு மெகாபிட்தான் எடுத்துக் கொடுத்தார் இவர். அதற்குமேல் விற்க இவருக்கு மனம் வரவில்லை.

இன்னொரு முறை ஒரு கல்யாண வீட்டில் வீடியோக்காரர் முப்பத்திரண்டு கிகாபைட்டைக் கொழும்பிலிருக்கும் எடிட்டிங்காரருக்கு வீட்டு லைனிலேயே அனுப்பப்போவதாகச் சவால் விட்டார். இவர் பலர் கூடிச் சாப்பிடும் புரியாணிச் சஹனில் கை வைத்தபடியே முகட்டைப் பார்த்தார்.

"மேல ஏத்துறது ஒரு மெகாபிட்தான் தம்பி. மூணு நாள் போகும். பென் டிரைவ்ல போட்டுப் பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோய்க் கொண்டக்டர்ட்டக் குடுங்க. ஒம்பது மணித்தியாலத்துல கொழும்பு. கணக்குப் பாத்தா கல்முனை பஸ் கிட்டத்தட்ட எட்டு மெகாபிட்டுல ஓடுது."

சஹனைச் சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். அடுத்த நாள் பென் டிரைவ் பஸ்ஸில் போனது.

ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே மரியாதை வெள்ளிக்கிழமைகளில்தான். ஜும்ஆ பயான் என்கிற பிரசங்கத்தை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரலையாக அனுப்புவது அவர் பொறுப்பு. சம்பளம் இல்லை. படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று அவரே முடிவெடுத்திருந்தார். குரலுக்கு அறுபத்து நாலு கிலோபிட். அதை மூன்று தரம் பாதியாக்கினால் செக்கனுக்கு எட்டு கிலோபைட். ஒரு மணித்தியால பயானுக்கு இருபத்தொன்பது மெகாபைட் கூட வராது. "பாலைவனத்துல காசுக்குக் காட் போட்டுக் கேக்கிற புள்ளைகள். அவங்கட டேட்டாவ நாம தின்னக்கூடா" என்பார். பயான் நடக்கும்போது மிம்பர் மேடைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுபோல இருப்பார் என்று வாப்பா சொல்வார்.

அந்த இடத்திலிருந்து அவரை இறக்கியது என் வாய்தான்.

அப்போது நான் ஒலுவில் கம்பஸில் முதலாம் வருடம். வாப்பாவுக்குப் பத்துத் தறி. உடுக்கிற சாரன் நெய்வித்து விற்கிறவர். அளவு விஷயத்தில் வாப்பா கொஞ்சம் பைத்தியம். ஒவ்வொரு சாரனிலும் இரண்டு விரல் கூடுதலாக விடச் சொல்வார். அளவில் குறைக்கிறவன் தொழுதும் பிரயோசனமில்லை என்று தறிக்காரர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குப் படிக்கவென்று பத்து மெகாபிட் லைன் எடுத்தார். எட்டு மாமா வந்து இழுத்துக் கொடுத்தார். வழக்கம்போலத் தாளை மடித்துக் காட்டியும் இருக்கிறார். அந்த நேரம் காத்தான்குடியிலிருந்து ஒரு வியாபாரி வந்து நின்றதால் வாப்பா, "ஓம் ஓம், செரி செரி" என்று தாளை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். நான் வீட்டில் இல்லை.

அந்தக் கிழமையே ஒரு பாடக் கோப்பை இறக்கும்போது திரையில் ஓடிய எண்ணைப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. கொஞ்சம் ஏறினால் ஒன்று புள்ளி இரண்டு. அதற்குமேல் ஏறவே இல்லை.

"வாப்பா, பத்து எண்டுதானே தந்தாங்க? ஒண்டு புள்ளி ரெண்டுதான் வருது" என்றேன். ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னேன். காய்கறி வாங்கி வந்தவரிடம் தக்காளி நசிந்திருக்கிறது என்று சொல்வதுபோல.

வாப்பா எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பத்துக்கு ஒன்று. அவர் வாழ்க்கையில் கண்ட அளவுக் குறைவுகளில் அதுதான் பெரியது. "அளவுலயா கை வெச்சான்?" என்று மட்டும் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் மரைக்கார்மாரிடம் முறையிட்டுவிட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மஃரிபுத் தொழுகைக்குள் எல்லா ஒழுங்கைக்கும் போய்விட்டது. அவர் லைன் கொடுத்த வீடுகளிலெல்லாம் எண்ணைப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் எட்டில் ஒன்றுதான். ஊர் முழுக்க ஏமாற்றியிருக்கிறான் என்றார்கள். ஊர்க்காரன் என்றால் இப்படிச் செய்வானா என்றும் சொன்னார்கள். விசாரித்து முடியும்வரை பயான் அனுப்பும் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிப் பள்ளிவாசலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அவர் மறுபேச்சில்லாமல் கருவிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். செவ்வாய்க்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு விசாரணை என்று முடிவானது.

திங்கட்கிழமை கம்பஸில் தம்பிலுவில் சிநேகிதி ஒருத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் விஞ்ஞானப் பிரிவு. சொல்லி முடிக்க முன்னமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடியேய், பத்த எட்டால பிரி. ஒண்ணே கால். உனக்கு லைன் சரியாத்தான் வருது."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் கோத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் மண்டபத்தில் எங்கள் மரைக்கார் பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கிறார். வாப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "என்ட மகள் கம்பஸ்ல படிக்கிறவ. அவ பாத்துத்தான் சொன்ன. அவ பிழையாப் பாப்பாளா?"

வாப்பாவின் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்குமுன் கண்டதில்லை. கோத்துவைத்த வசனத்தை விழுங்கிவிட்டு உள்ளே போனேன். இரவுச் சாப்பாட்டின்போதும் சொல்லவில்லை. காலையிலும் சொல்லவில்லை. ஒரு மனிதரின் பெயர் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது, அதை எடுத்துக் கொடுக்க என்னால் முடியும், நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அசருக்குப் பிறகு, குறை சொன்ன லைனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விசாரிக்கிற மரைக்கார்மார் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தறிகளை நிறுத்தியிருந்தார்கள். நெசவுக்காரர்கள் ஜன்னலில் நின்றார்கள். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு லெப்டொப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கடைசியாக வந்தார். ஸலாம் சொன்னார். ஏணியை வெளியே மதிலில் சாத்திவிட்டு வந்து, என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"மகள், என்ன நம்பர் கண்டீங்க?"

"ஒண்டு புள்ளி ரெண்டு."

"சரியாத்தான் பாத்திருக்கா" என்று மரைக்கார்மாரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பத்த எட்டால பிரிச்சா எவ்வளவு மகள்?" என்றார்.

"ஒண்ணே கால்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. பிறகு வாப்பாவிடம் திரும்பிவிட்டார்.

"ஹாஜியார், லைன்ல வாறது இழை. நீங்க கையில வாங்கிறது துணி. பத்து எண்டு நான் சொன்னது இழைக் கணக்கு. இந்தப் பெட்டி காட்டுறது துணிக் கணக்கு. எட்டு இழைக்குத்தான் ஒரு துணி."

"அப்படி எண்டு எனக்குச் சொல்லல்லியே தம்பி."

"சொன்ன மாதிரித்தான் ஞாபகம். உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லல்ல போல. அது என்ட பிழை."

மரைக்கார்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இழை, துணி எல்லாம் கேட்க நன்றாக இருந்தது, ஆனால் சொல்லும் கணக்கும் அவருடையதுதான். அவருக்கு அது விளங்கியது. "வார்த்தைய விடுங்க. மணிக்கூட்டப் பாருங்க" என்றார். பெருநாள் தொழுகையைக் கடற்கரைத் திடலில் எடுத்த வீடியோ ஒன்று இணையத்தில் இருந்தது. சரியாக எழுபத்தைந்து மெகாபைட். "பத்து மெகாபிட் லைன்ல இது ஒரு நிமிசத்துல வந்து முடியணும். வராட்டி நான் கள்ளன்."

நான் விசையை அழுத்தினேன். எல்லோரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். உம்மா அடுப்படி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடம் வேறு இல்லை. கோப்பு வந்து முடிந்தது. படம் தானாகவே ஓடத் தொடங்கியது. முதல் வரிசையில் எங்கள் மரைக்காரே தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜன்னலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ், நிமிசக் கணக்குச் சரி" என்றார் மரைக்கார். வாப்பா எழுந்து, அவர் கையைப் பிடிக்கப் போனார்.

அவர் கையை நீட்டவில்லை. மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ஹாஜியார். அறுபத்தாறு செக்கன். ஆறு கூடப் போச்சு, அந்தளவுக்கு லைன் குறையுது."

"அது என்ன பெரிய விசயமா தம்பி?"

"நீங்க துணியில ஆறு விரல் குறைச்சுக் குடுப்பீங்களா?"

வாப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய் ஏணியை வைத்து ஏறினார். கம்பத்திலிருந்து எங்கள் கூரைக்கு வரும் கம்பியின் மூட்டு கடல் காற்றில் துருப்பிடித்திருந்தது. வெட்டிப் புதிதாக முறுக்கினார். கீழே வந்து திரும்பவும் இறக்கச் சொன்னார். அறுபத்திரண்டு. "இந்த ரெண்டு செக்கன் வழிக்கூலி. அது எல்லார்ட்டயும் போறதுதான்" என்றார். அதற்குப் பிறகுதான் வாப்பாவின் கையைப் பிடித்தார்.

அடுத்த ஜும்ஆவில் வாப்பா எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் அவரிடம் மாப்புக் கேட்டார். அவர் தூணுக்குப் பக்கத்தில், காதில் மாட்டியபடியே தலையைக் குனிந்துகொண்டிருந்தாராம். வெளிநாட்டில் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் அந்த மாப்பு போய்ச் சேர்ந்தது.

நான் மாப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று பல தடவை நினைத்தேன். எனக்குக் கல்யாணம் முடிந்து எங்கள் ஊரிலேயே அடுத்த வீதியில் வீடு கட்டியபோது அவர்தான் லைன் இழுத்தார். கொரோனா நாட்களில் நான் வீட்டிலிருந்து படிப்பித்த வகுப்புகளுக்கு ஒவ்வொரு காலையும் தொலைபேசியில், "எத்தன புள்ளைகள் மகள்? முப்பதா? அப்ப படத்த நிப்பாட்டிக் குரல மட்டும் விடச் சொல்லுங்க" என்று கணக்குச் சொல்வார். என் மகன் பிறந்தபோது பார்க்க வந்தார். இரண்டு கிலோ எண்ணூறு என்று தாதி சொன்னதை எத்தனை இறாத்தல் என்று மாற்றிச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் வாங்கினார். அன்று துணிந்து, "மாமா, அந்தச் செவ்வாய்க்கிழம ஒரு விசயம் உங்களுக்குச் சொல்லணும்" என்று தொடங்கினேன்.

"மகள், இந்த ரவுட்டர ஜன்னல்ல வைக்கப்படா. வெயில் குடிக்குது" என்று எழுந்து போய் அதை அலுமாரிக்கு மேல் வைத்தார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன வருடம் நோன்புக்கு முந்திய மாதம் அவர் மவுத்தானார். நெஞ்சு வருத்தம். பிறந்த ஊரிலேயே அடக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் ஜனாஸாவை அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோனார்கள். வாப்பாவும் கூடப் போனார். அடக்கிவிட்டுப் பின்னேரம் வந்தவர் தன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்து மண்டபத்தில் உட்கார்ந்தார். பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் நம்பித் தந்த ஒரு அமானிதம் இரிக்கி மகள். இனிச் சொல்லலாம்" என்றார்.

நான் நின்றபடியே கேட்டேன்.

"அண்டைக்கு ஏணியில ஏற முதல் என்னத் தனியாக் கூப்பிட்டார். மகளுக்கு முதலே தெரிஞ்சிருக்கு ஹாஜியார், கணக்குப் பாக்காம ஒண்ணே கால் எண்டா, பயந்து போய் நிக்கிறா, ஒண்டும் கேட்டுராதீங்க எண்டார். நான் கேக்கல்ல."

"வாப்பா, அவருக்குத் தெரியும் எண்டாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"வேணாம் எண்டுட்டார். அவர் உசிரோட இரிக்கிற மட்டும் சொல்ல வேணாமாம். தெரிஞ்சா நீ அவர்ர முகத்தப் பாக்க வெக்கப்படுவாயாம். எங்கட வீட்டுக்கு வாறதயே அவர் நிப்பாட்ட வேண்டி வருமாம்."

தன் கணக்கில் ஆறு செக்கனை விட மனமில்லாத மனிதர். என் கணக்கை அப்படியே விட்டுவிட்டார். வாப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரியாது, தெரியாது என்று நினைத்துக்கொண்டே அவர் முன்னால் நான் சிரித்துக் கதைத்திருக்கிறேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், என் பிள்ளையை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அத்தனை வருடமும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் என்னை மகள் என்று கூப்பிட்டிருக்கிறார்.